சம்மந்தி கொடுத்த மாத்திரை

நாகூர் கனிக்கு இரண்டு முழங்காலும் மாற்றி வைத்தது சென்னையில். அவர் அதைச் சொல்லிக் கேட்டால், டாக்டரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தானே கத்தியை எடுத்துச் செய்துகொண்டார் என்றுதான் தோன்றும். கல்யாணப் பந்தியோ மையத்து விழுந்த துக்க வீடோ லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் பிளாட்ஃபாரமோ, ஆள் கிடைத்தால் போதும், கால்சட்டையைச் சுருட்டித் தழும்பைக் காட்டிவிடுவார். பதுருன்னிசாவும் பலமுறை பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் வாயால் மாஷா அல்லாஹ் சொல்லி, மூடித் தொலையேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவர் மகன் இல்ஹாமுக்குத்தான் இவள் மகள் அனமைப் பேசி முடித்திருந்தது.

பதுருன்னிசாவுக்கு யாரையும் பிடிக்காது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அது அநியாயம். வீட்டுக்கு வந்த யாரையும் அவள் வெறும் வாயோடு அனுப்பியதில்லை. மதிப்புத்தான் யார்மேலும் கிடையாது. கட்டிய கணவர் முகம்மது யூசுப் மேல் இருந்த மதிப்பு கல்யாணமான முதல் வருஷத்திலேயே போய்விட்டது. டன்லப் தெருவில் அத்தர் கடை வைத்திருக்கும் அந்த மனுஷருக்கு 'சரி' என்பதைத் தவிர வேறு பதில் தெரியாது. விற்காத சரக்கைத் தலையில் கட்ட வருகிறவனுக்கும் சரி, கடை வாசலை அடைத்துப் பெட்டி இறக்குகிற பக்கத்துக் கடைக்காரனுக்கும் சரி. எதிரே நிற்பவர் முகம் கோணிவிடக் கூடாது. அதற்காகத் தன் தலையை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொடுப்பார்.

வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் அவர் யாரையும் கேட்காமல் முடிவு செய்தார். கடையில் நின்று நின்று வலது முழங்கால் தேய்ந்துபோய், பள்ளிவாசலில் கடைசி வரிசை நாற்காலிக்குத் தள்ளப்பட்டிருந்தார். அந்த வரிசை அவருக்கு ஆகவே இல்லை. மற்றவர்களோடு தோள் ஒட்டி நின்று தொழ வேண்டும், அனமின் நிக்காஹ் அன்று சபையில் நின்று எல்லாரையும் வரவேற்க வேண்டும், அதற்காகக் காலை மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். பதுருன்னிசாவுக்கே அன்றைக்கு அவர்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. ரொம்ப நாள் தங்கவில்லை.

சென்னைக்கெல்லாம் போகாமல் ஆபரேஷன் இந்த ஊரிலேயே நடந்தது, நன்றாகவும் நடந்தது. டாக்டர் ரோஷினி என்ற பெண் செய்தாள். மறுநாளே மனுஷரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு போன் நம்பரைக் கொடுத்து, காயம் ஈரமாக இருந்தாலோ சிவந்தாலோ சூடாக இருந்தாலோ உடனே கூப்பிடச் சொன்னாள். வேறு யாருடைய ஆன்டிபயாட்டிக்கையும் தொடவே கூடாது என்றும் சொன்னாள். யூசுப் அதற்கும் சரி என்றார்.

பிறகு பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீட்டு லிஃப்ட் ஓய்வில்லாமல் ஏறி இறங்கியது. வருகிற ஒவ்வொருத்தியும் எலும்பு கூடுவதற்கென்று ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். உள்ளே இருப்பது மெட்டலும் பிளாஸ்டிக்கும், இதற்கு ஆட்டுக்கால் சூப் என்ன செய்யும் என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, இறாலைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று ஆளுக்கொன்றாகத் தடை போட்டார்கள். யூசுப் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பதுருன்னிசா சூப்பை வாங்கி வைத்து, அவர்கள் லிஃப்டில் இறங்கியதும் சிங்கில் ஊற்றினாள்.

மூன்றாவது வாரத்தில் காயத்தின் கீழ் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. கைலியில் மஞ்சளாக ஒரு கறை. தொட்டுப் பார்த்தாள், முட்டி கொதித்தது. நர்ஸ் கொடுத்த நம்பரைக் கூப்பிடச் சொன்னாள். யூசுப் போனைக் கையில் எடுத்தும் விட்டார். அப்போதுதான் வாசல் மணி அடித்தது. நாகூர் கனி சலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

வந்தவர் காயத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு விரலால் அழுத்தினார், முகர்ந்து பார்க்காதது ஒன்றுதான் பாக்கி. இது ஒன்றுமே இல்லை, எனக்கும் இப்படித்தான் இருந்தது என்றார். போன் செய்தால் உடனே அட்மிட் செய்து, திரும்பவும் அறுத்து, கல்யாணத் தேதி வரைக்கும் படுக்க வைத்துவிடுவார்கள் என்றார். அந்த டாக்டர் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும் என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். சரக்கு அனுப்புகிற தொழில் அவருக்கு, அடிக்கடி சென்னை போய் வருவார். அங்கே கடையில் கேட்டால் எதையும் கொடுப்பார்கள். பெட்டியில் பாதி துணி, பாதி மாத்திரை. பள்ளிவாசலில் பாதிப் பேருக்கு வைத்தியர் அவர்தான். சட்டைப் பையிலிருந்து ஆன்டிபயாட்டிக் பட்டை ஒன்றை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி யூசுப்பின் உள்ளங்கையில் வைத்தார்.

"போடுங்க சம்மந்தி. நான் கொடுத்து யாருக்காச்சும் கெட்டுப் போயிருக்கா?"

யூசுப் ஒரு நொடி மனைவியைப் பார்த்தார். மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற வீட்டு மனுஷர், மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு முன்னால் நிற்கிறார். வேண்டாம் என்றால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். யூசுப் சரி என்றார். தண்ணீர் கேட்டார்.

தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தவள் பதுருன்னிசாதான். விழுங்கட்டும் என்று நினைத்தாள். மரியாதைக்காக மருந்து விழுங்குகிற ஆணும், மரியாதைக்காக மருந்து ஊட்டுகிற ஆணும் நல்ல ஜோடிதான், எங்கே போய் முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம். அனம் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டுமே என்றும் கூடவே ஒரு காரணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். நம்பருக்கு யாரும் போன் செய்யவில்லை.

நாகூர் கனி மாத்திரைப் பட்டையை வீட்டில் விட்டுப் போகவில்லை. மற்றவர்களிடம் கொடுத்தால் வேளை தவறவிடுவார்களாம். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, இரவு இஷா தொழுதுவிட்டு ஒருமுறை என்று தானே வேனில் வந்து, எதிரே உட்கார்ந்து, யூசுப் விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பதுருன்னிசா போட்ட டீயைக் குடித்து, சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டுப் போவார்.

சில நாளில் ஈரம் நின்றது. சிவப்பும் மங்கியது. நாகூர் கனியைப் பிடிக்க முடியவில்லை. சையத் ஆல்வி ரோட்டுக் காப்பிக்கடையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்காரனுக்கே தெரியாத வைத்தியம் என்று நாலு பேரைக் கூட்டிவைத்துச் சொன்னாராம். அதைக் கேட்டுவந்து பதுருன்னிசாவிடம் சொன்னவர்களும் வாயைப் பிளந்துகொண்டுதான் சொன்னார்கள். முட்டாளுக்குக் கூட்டம் சேர்வதற்கு இந்த ஊரில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் யூசுப் காலை மடக்கும்போது பல்லைக் கடிப்பதை அவள் பார்த்தாள். முட்டியின் சூடு குறையவே இல்லை. முன்பு தனியாக எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரை நடந்தவர், இப்போது கழிவறைக்குப் போகவே சுவரைப் பிடித்தார். இரண்டையும் அவள் கவனித்தாள், யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல, என்று இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நாள் வந்தது. நாகூர் கனி தானே வேனில் கூட்டிப் போனார். வெளியே உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவரும் உள்ளே வந்து டாக்டருக்கு மிக அருகில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முட்டியைத் தொட்டுப் பார்த்ததும் டாக்டர் ரோஷினியின் முகம் மாறியது. ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்டு முட்டிக்குள்ளிருந்து நீரையும் எடுத்தார்கள். அதற்கு முன் அவள் கேட்டாள், நடுவில் ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா என்று.

யூசுப் சம்மந்தியின் முகத்தைப் பார்த்தார். சம்மந்தி கூரையைப் பார்த்தார். "இல்ல டாக்டர்," என்றார் யூசுப்.

பதுருன்னிசா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தாடி நரைத்த இரண்டு ஆம்பிளைகள், பள்ளிக்கூடத்தில் சன்னலை உடைத்துவிட்டு நிற்கிற பயல்கள் மாதிரி. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பொய் சொல்லத் தெரிந்த வாய்க்கு உண்மையும் தெரியும், அதுவே சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

அடுத்த முறை கூப்பிட்டபோது ரிசல்ட் வந்திருந்தது. டாக்டர் ரோஷினி கம்ப்யூட்டர் திரையில் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் பேசினாள். ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் அளவு கூடியிருக்கிறது, முட்டி நீரில் வெள்ளை அணுக்களும் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். ஆனால் கிருமி எதுவும் வளரவில்லை. உள்ளே கிருமி இருந்தால் சீக்கிரம் திறந்து கழுவி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி, மெட்டலைக் காப்பாற்றப் பார்க்கலாம். நாளாகிவிட்டால் கிருமி மெட்டல்மேல் பாசி மாதிரி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கழுவினாலும் போகாது, எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும். கிருமி இல்லையென்றால் அறுப்பதில் அர்த்தமில்லை, கவுட் என்கிற மூட்டுவாதமாகக்கூட இருக்கலாம், பொறுத்துப் பார்க்கலாம். எந்தப் பக்கம் போவதென்று தனக்குத் தெரியவில்லை என்று ஒளிவில்லாமல் சொன்னாள்.

"ஆன்டிபயாட்டிக் ஒண்ணு ரெண்டு சாப்பிட்டிருந்தாகூட டெஸ்ட்ல கிருமி காட்டாது, அங்கிள். உள்ள இருக்கும், ஆனா வளராது. அதனாலதான் திரும்பவும் கேக்கறேன். ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா," என்றார் யூசுப்.

"அவரு சுத்தமான மனுஷன் டாக்டர்," என்றார் நாகூர் கனி. "கவுட்டாத்தான் இருக்கும் லா. எனக்கும் இருந்துச்சு."

டாக்டர் தலையசைத்தாள். சரி, அப்படியானால் ஒரு மாதம் பொறுத்து மறுபடியும் பார்ப்போம் என்று கீபோர்டில் தட்டத் தொடங்கினாள்.

அந்த 'சரி' பதுருன்னிசாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளும் இந்த வேடிக்கையை யாரோ ஒருவர் வந்து நிறுத்துவார்கள் என்று எண்ணியிருந்தாள். படித்த பெண், கண்டுபிடித்துவிடுவாள் என்று நம்பியிருந்தாள். அவளும் இவர்கள் பேச்சை நம்பிக் கைகழுவப் பார்க்கிறாள். யூசுப் மேசை ஓரத்தைப் பிடித்து எழுந்திருக்கப் போனார். முடியவில்லை. திரும்ப உட்கார்ந்து, ஒன்றும் ஆகாதவர் போல டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"பொய் சொல்றாரு டாக்டர்," என்றாள். "காயத்துல தண்ணி வந்த நாள்லேர்ந்து தினம் ரெண்டு வேளை முழுங்குறாரு. கொடுக்கிறது இவரு."

நாகூர் கனிதான் முதலில் சுதாரித்தார். அதெல்லாம் சத்து மாத்திரை, தங்கச்சிக்கு விளங்கவில்லை, பொம்பளைங்களுக்கு எல்லா மாத்திரையும் ஒன்றுதான் என்றார்.

"சத்து மாத்திரைன்னா எடுத்துக் காட்டுங்கண்ணே," என்றாள் பதுருன்னிசா. "சட்டைப் பையிலதான் இருக்கு டாக்டர். வேளை தவறக் கூடாதுன்னு கையோட கொண்டு வந்திருக்காரு."

மெல்லிய வெள்ளைச் சட்டை. பட்டையின் பளபளப்பு துணி வழியாகவே தெரிந்தது. டாக்டர் ரோஷினி கையை நீட்டினாள். யார் யாருக்கோ மாத்திரை நீட்டிய மனுஷர், தன் சட்டைப் பையில் கைவிட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். டாக்டர் பட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, கீபோர்டில் தட்டியதையெல்லாம் அழித்தாள். கத்தவில்லை. மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும், மருந்து உடம்பைவிட்டுப் போனதும் மறுபடி நீர் எடுக்க வேண்டும், நடுவில் காய்ச்சல் வந்தால் அந்த நிமிஷமே வர வேண்டும் என்று சொன்னாள். ஈரம் தெரிந்த அன்றைக்கே வந்திருந்தால் கழுவியே சரி செய்திருக்கலாம், இனிமேல் எப்படியோ தெரியாது என்றும் சொன்னாள்.

திரும்பி வரும்போது வேனில் நாகூர் கனி சிக்னலில் நிற்கிற நேரமெல்லாம் மூக்கால் பெருமூச்சு விட்டார். யூசுப் பின்சீட்டில் மனைவி பக்கம் குனிந்து, சம்மந்தியை நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்திவிட்டாயே என்று முணுமுணுத்தார். அந்த அறையில் வெளியாள் என்று இருந்ததே டாக்டர் ஒருத்திதான். காலை இழக்கப் போகிறவனுக்குச் சம்மந்தி முகம்தான் கவலை. இந்த மனுஷரோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாத்திரையை நிறுத்திய நாலைந்து நாளில் முட்டி பலாப்பழமாக வீங்கியது. காய்ச்சலில் யூசுப் உளறினார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை எடுத்த நீரில் கிருமி வளர்ந்தது, பெயரும் தெரிந்தது. ஆனால் டாக்டர் ரோஷினி திறந்து பார்த்தபோது கழுவிக் காப்பாற்றுகிற காலம் போயிருந்தது. புதிதாக வைத்த அவ்வளவையும் கழற்றி எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமெண்ட் கட்டி ஒன்றை இடத்தை நிரப்ப வைத்துத் தைத்தாள். வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற வேண்டும். கிருமி முழுக்கப் போனது உறுதியானால் மறுபடி ஓர் ஆபரேஷன், மறுபடி ஒரு மூட்டு. அதுவரை அந்தக் காலை ஊன்றக் கூடாது. அதற்குப் பிறகும் முன்பு போல நடப்பாரா என்று கேட்டதற்கு, டாக்டர் பார்க்கலாம் என்றுதான் சொன்னாள்.

நாகூர் கனி ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. நிக்காஹைத் தள்ளி வைக்கலாம் என்று அவர் மனைவி ரஷீதா போனில் சொன்னாள், சம்மந்திக்கு உடம்பு தேறட்டும் என்று தேனொழுகப் பேசினாள். கிருமி வந்தது ஆபரேஷன் தியேட்டரிலிருந்துதான், சின்னப் பொண்ணு கையில் காலைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும் என்று நாகூர் கனி காப்பிக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பதாகவும் செய்தி வந்தது. கேட்டவர்கள் இதற்கும் வாயைப் பிளந்திருப்பார்கள். இல்ஹாம் மட்டும் ஜூரோங்கில் வேலை முடித்து, யூனிஃபார்மோடு வார்டுக்கு வந்து, யூசுப்பின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போவான். கல்யாணம் நடக்கும், தன் வாப்பா வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும் என்று அனமிடம் சொல்லியிருந்தான். அந்த அப்பனுக்கு இப்படி ஒரு பிள்ளை எப்படிப் பிறந்தது என்று பதுருன்னிசா வியந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வார்டில் ஜுமுஆ தொழுகை நேரம் தாண்டியிருந்தது. யூசுப் படுத்தபடியே தொழுது முடித்திருந்தார், கண் அசைவிலேயே குனிகிற ருகூவும் நெற்றி வைக்கிற சுஜூதும். கடைசி வரிசை நாற்காலிகூட இனி அவருக்குத் தூரம்தான். பதுருன்னிசா ஆரஞ்சு உரித்துக்கொண்டே நாகூர் கனியைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். படிக்காத மேதை என்றாள். பெட்டி நிறைய விஷத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறான், ஏமாந்த சோணகிரிகள் இருக்கிறவரை அவனுக்குக் கொண்டாட்டம்தான் என்றாள். அந்தச் சோணகிரி யார் என்பதையும் விட்டுவைக்கவில்லை.

யூசுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போலச் சரி என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"அவரு அறியாம கொடுத்தாரு," என்றார். "நான் மரியாதைக்கு முழுங்கினேன். நீ விவரம் தெரிஞ்சவ. நர்ஸ் சொன்னதும் உனக்கு ஞாபகம் இருந்துச்சு. நீ ஏன் பதுரு போன் பண்ணலை?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைக் கேள்வி என்று எதையும் கேட்டதில்லை. அனம் கல்யாணத்துக்காக என்று சொல்லலாமென்று வாயெடுத்தாள். அது பொய் என்பது இருவருக்குமே தெரியும் என்று தோன்றியது. இந்த மனுஷர் முன்னால் பொய் சொல்லி நிற்கிற அளவுக்குத் தான் இன்னும் தாழ்ந்துவிடவில்லை என்கிற வீம்பில் உண்மையையே சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் தலைகுப்புற விழறதப் பாக்கணும்னு இருந்தேன்."

யூசுப் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். கோபம் இல்லை. டிவியில் நாடகம் முடிந்துவிட்டதா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"பாத்துட்டியா?"

அவள் ஆரஞ்சுச் சுளையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார்.